பணி ஒதுக்கீட்டுக்கு எந்திரக் கற்றல்: இரண்டு முறை தோற்றபின் கேட்கிறேன்

குழுப்பொறுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாற்பது பேர் கொண்ட ஒரு குழுவுக்கு நாள்தோறும் வரும் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளை நானும் இன்னொரு நிரலரும் பராமரித்து வருகிறோம். முன்பெல்லாம் குழுத் தலைவர்கள் மூவர் காலையில் உட்கார்ந்து கையாலேயே ஒதுக்குவார்கள். பகலில் வந்து சேர்பவற்றை, யார் கை காலியாக இருக்கிறது என்று பார்த்து அவ்வப்போது தள்ளிவிடுவார்கள். இரண்டு ஆண்டுப் பதிவுகள் கையில் இருக்கின்றனவே, இதை எந்திரக் கற்றலிடம் விட்டுவிடலாமே என்று மேலிடத்திலிருந்து யோசனை வந்தது. நாங்களும் ஆர்வத்தோடு இறங்கினோம்.

முதல் முயற்சியில், ஒரு கோரிக்கையின் விவரங்களைக் கொடுத்தால் அதை யார் முடிப்பார் என்று கணிக்கும் மாதிரியைப் பயிற்றுவித்தோம். சோதனைத் தரவில் அது நன்றாகவே கணித்தது. நடைமுறைக்குக் கொண்டுவந்த முதல் வாரத்திலேயே, சிக்கலான கோரிக்கைகள் எல்லாம் மூத்தவர்கள் நால்வரின் வரிசையிலேயே குவிந்தன. பழைய பதிவுகளில் அவர்கள்தாம் அவற்றை முடித்திருந்தார்கள் என்பதால் மாதிரி செய்தது தவறென்றும் சொல்ல முடியவில்லை.

இரண்டாம் முயற்சியில், யார் எவ்வளவு நேரத்தில் முடிப்பார் என்று கணித்து, குறைந்த நேரம் எடுப்பவருக்கே கொடுப்பது என்று மாற்றினோம். இப்போது நேர்மாறான விபரீதம் நடந்தது. ‘ஆவணக் குறைபாடு’ என்ற வகையில் வந்த ஒரு கடுமையான தகராற்றுக் கோரிக்கை, பணியில் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. காரணத்தைத் தோண்டிப் பார்த்தபோது, அந்த வகையில் அவருக்கு அதுவரை தரப்பட்டவை எல்லாம் கையொப்பம் விடுபட்டது போன்ற எட்டு நிமிட வேலைகள் என்று தெரிந்தது. மூத்தவர்களுக்கு அதே வகையில் தகராறுகளே போயிருந்தன. ஆகவே மாதிரியின் பார்வையில் புதியவர் எட்டு நிமிடக்காரர், மூத்தவர் இரண்டு மணி நேரக்காரர்.

இரண்டு முறையும் பழைய கைமுறைக்கே திரும்பினோம். மூன்றாம் முறை தொடங்குவதற்கு முன், இந்தத் துறையில் கையைச் சுட்டுக்கொண்டவர்களின் கருத்தைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பதிவேடு எழுதியது:

நண்பரே, மாதிரியைப் பற்றிப் பேசும் முன் உங்கள் நேரக் கணக்கைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. ‘எவ்வளவு நேரம் எடுத்தது’ என்பதை பதிவில் உள்ள எந்த இரண்டு நேர முத்திரைகளைக் கழித்துப் பெற்றீர்கள்? ஒதுக்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் கழித்திருந்தால், நீங்கள் பயிற்றுவித்தது வேலையின் நீளத்தை அல்ல, வரிசையின் நீளத்தை.

நான் பார்த்த ஒரு பதிவைச் சொல்கிறேன். ஒரு பணி மாலை 5.50 மணிக்குத் திறக்கப்பட்டு மறுநாள் காலை 9.10 மணிக்கு மூடப்பட்டிருந்தது. அட்டவணையில் அது 15 மணி 20 நிமிடம். உண்மையில் அந்த ஊழியர் கிளம்பும் முன் தவறுதலாக அதைச் சொடுக்கிவிட்டு, மறுநாள் வந்து பத்து நிமிடத்தில் முடித்திருக்கிறார். அதே கோப்பில் இன்னொருவர், மாலை 5.40 மணிக்கும் 5.52 மணிக்கும் இடையில் பதினொரு பணிகளை வரிசையாக மூடியிருந்தார். அவர் நாள் முழுக்க வேலைகளை முடித்துவிட்டு, மூடும் பொத்தானை மட்டும் கடைசியில் மொத்தமாக அழுத்துகிற வழக்கம் உடையவர். கணக்கின்படி முதலாமவர் மகா மந்தம், இரண்டாமவர் பகல் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு மாலையில் புயலாகும் ஆள்.

நிகழ்வுப் பதிவுகளுக்கென்று ஒரு பொதுத்தரம், ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 1849 எண் தரம், 2016-இல் வந்தது. அதில் ஒரு செயலுக்குத் தொடக்கம், இடைநிறுத்தம், மீள்தொடக்கம், நிறைவு என்று தனித்தனி நிலைகளுக்கு இடம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான அலுவலக மென்பொருள்கள் நிறைவை மட்டுமே எழுதிவைக்கின்றன. ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும் தரவுகளில் ஒன்று, நெதர்லாந்து நிதி நிறுவனம் ஒன்றின் கடன் விண்ணப்பங்களைக் கொண்ட 2012-ஆம் ஆண்டின் ஆய்வுப் போட்டித் தரவு. 13,087 விண்ணப்பங்களுக்கு 2,62,200 நிகழ்வுகள் அதில் உள்ளன. மனிதர் செய்த பணிகளுக்கு மட்டும் தொடக்கமும் முடிவும் தனியே குறிக்கப்பட்டிருப்பதுதான் அதன் அருமை. உங்கள் பதிவில் அது இல்லையென்றால், இரண்டு ஆண்டுத் தரவு இருக்கிறது என்று சொல்வதைவிட, இரண்டு ஆண்டு வரிசை வரலாறு இருக்கிறது என்று சொல்வதே பொருத்தம்.

இன்னொன்று. ‘ஆவணக் குறைபாடு’ என்ற வகைக் குறியை யார், எப்போது இடுகிறார்கள்? கோரிக்கையை மூடும்போது ஊழியர் திருத்தி இடுவதாக இருந்தால், ஒதுக்கும் நேரத்தில் அந்தக் குறி இருக்காது. நாளைய விடையை இன்றைய கேள்வித்தாளில் எழுதிக்கொடுத்துத் தேர்வு வைத்தது போல் ஆகியிருக்கும்.

புதுநிரல் எழுதியது:

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா? செய்து பார்த்துக் கிடைக்கும் பலனிலிருந்து கற்கும் வலுவூட்டல் கற்றல் முறையில் ஒரு முகவரை, அதாவது தானே முடிவெடுக்கும் நிரலை, பயிற்றுவித்தால், ஒதுக்கீட்டையும் வரிசைமுறையையும் அதுவே சேர்த்துக் கற்றுக்கொள்ளுமே. சதுரங்கத்தையே கற்றுக்கொண்ட தொழில்நுட்பத்துக்கு நாற்பது பேரின் அலுவலகம் ஒரு பொருட்டா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

சதுரங்கத்தில் குதிரை எத்தனை கட்டம் தாவும் என்பதில் ஐயம் கிடையாது. ஆகவே முகவர் தனக்குத் தானே கோடிக்கணக்கான ஆட்டங்களை ஆடிப் பழக முடிகிறது. அலுவலகத்துக்கு அப்படி ஆடிப் பழக ஒரு பாவனை அலுவலகம் வேண்டும். அந்தப் பாவனை அலுவலகத்தில் ஒவ்வொரு பணியும் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாராவது சொல்ல வேண்டும். அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்துவிட்டால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதியைத் தாண்ட முகவர் தேவையில்லை, எழுபது ஆண்டுப் பழைய கணக்கே போதும்.

இழையைத் தொடங்கியவர் செய்த அடிப்படைப் பிழை, கணிப்பதையும் ஒதுக்குவதையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டியது என்பது என் கருத்து. இரண்டும் வேறு வேறு வேலைகள். ‘இந்தப் பணிக்கு இவருக்கு எவ்வளவு நேரம் ஆகலாம்’ என்பது தரவிலிருந்து கற்க வேண்டியது. ‘ஆகவே யாருக்கு எதைக் கொடுப்பது’ என்பது கற்க வேண்டியதே அல்ல, கணக்கிட வேண்டியது. 1955-இல் ஹரால்டு கூன் வெளியிட்ட ஹங்கேரிய முறை, ஆளுக்கொரு பணி என்ற ஒதுக்கீட்டில் மொத்தச் செலவு மிகக் குறைவாக இருக்கும் விடையை உறுதியாகக் கொடுத்துவிடும். நாற்பது பேர், நாற்பது பணி என்பதெல்லாம் இன்றைய கணினிக்குக் கண் சிமிட்டும் நேரம்.

‘குறைந்த நேரம் எடுப்பவருக்கே கொடு’ என்ற உங்கள் இரண்டாம் விதி, கணிப்பு முற்றிலும் சரியாக இருந்திருந்தாலும் தவறாகத்தான் போயிருக்கும். முதலாமவருக்கு எளிய பணி 20 நிமிடம், கடினப் பணி 30 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாமவருக்கு எளியது 25, கடினமானது 90. எளிய பணி முதலில் வந்ததும் உங்கள் விதி அதை முதலாமவரிடம் கொடுத்துவிடும், ஏனென்றால் 25-ஐவிட 20 குறைவு. அடுத்து வரும் கடினப் பணி கையொழிந்து நிற்கும் இரண்டாமவருக்குப் போகும். மொத்தம் 110 நிமிடம். மாற்றிக் கொடுத்திருந்தால் 55 நிமிடம்தான். ஒருவர் ஒரு பணியில் வேகமானவரா என்பதைவிட, அவரை அதில் கட்டிப்போட்டால் வேறெங்கே எவ்வளவு இழப்போம் என்பதுதான் கேள்வி. ஆகவே வந்தவுடன் ஒவ்வொன்றாகத் தள்ளாமல், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேர்ந்திருப்பவற்றை மொத்தமாக எடுத்து ஒதுக்குங்கள்.

பணிகளுக்கு இடையே முன்பின் தொடர்பு இருந்தால் கணக்கு கடினமாகிவிடும் என்பது உண்மைதான். பத்து வேலை, பத்து இயந்திரம் என்று 1963-இல் ஃபிஷரும் தாம்சனும் வெளியிட்ட ஒரு சிறிய கணக்கில் எல்லா வேலையும் முடிய 930 நேர அலகு என்ற விடைதான் மிகச் சிறந்தது என்று 1989-இல்தான் நிறுவினார்கள். ஆனால் அதே கணக்கை இன்று கட்டணமில்லாமல் கிடைக்கும் கட்டுப்பாட்டுத் தீர்வான்கள், அதாவது விதிகளைக் கொடுத்தால் அவற்றுக்குள் சிறந்த விடையைத் தேடும் நிரல்கள், தேநீர் ஆறும் முன் முடித்துவிடுகின்றன. தீர்வான் பக்கத்தில் நமக்குக் குறையில்லை. உள்ளே போடும் எண்களில்தான் ஓட்டை.

வரிசைமுறைக்கும் பழைய விதி ஒன்று உண்டு. 1956-இல் ஸ்மித் காட்டியது: ஒவ்வொரு பணியின் முக்கியத்துவத்தை அது எடுக்கும் நேரத்தால் வகுத்து, பெரிய ஈவு உள்ளதை முதலில் செய்தால், முக்கியத்துவத்தால் எடையிட்ட மொத்த நிறைவு நேரம் மிகக் குறையும். இதை அப்படியே போட்டால் நீண்ட பணிகள் கடைசிவரை தீண்டப்படாமல் கிடக்கும். ஆகவே காத்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் எடையைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

மூன்றாம்மேசை எழுதியது:

நான் நிரலர் அல்லன். இத்தகைய மென்பொருள் ஒதுக்கித் தரும் பணிகளைச் செய்து பிழைப்பவன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எங்களுக்கும் இப்படியொன்று வந்தது. கடினமான கோரிக்கை ஒன்றை நன்றாக முடித்தால், அடுத்ததும் அதைவிடக் கடினமானதாக வரும். அதையும் முடித்தால் இன்னொன்று. பக்கத்து மேசைக்காரருக்கு நாளெல்லாம் முகவரி மாற்றங்கள். மாத இறுதியில் எண்ணிக்கைப் பட்டியல் ஒட்டும்போது அவர் மேலே இருப்பார், நான் கீழே இருப்பேன். திறமைக்குக் கிடைத்த பரிசு முதுகுவலி.

பிறகு என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முடித்த பணியை உடனே மூடாமல் அரைமணி திறந்தே வைக்கக் கற்றுக்கொண்டோம். அந்த வகையில் நாங்கள் மெதுவானவர்கள் என்று மென்பொருள் நம்பத் தொடங்கியதும், கடினமானவை வேறு பக்கம் திரும்பின. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஒருவர் திரையைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொண்டதுதான். மேலே ‘பதிவேடு’ சொன்ன அந்த 5.40 மணிக்காரர் வழக்கத்தால் அப்படிச் செய்தாரா, காரணத்தோடு செய்தாரா என்று எனக்கு ஐயமாகத்தான் இருக்கிறது.

மற்றொரு வருத்தம், நாள் முழுக்க ஒரு நிமிடம்கூட வரிசை காலியாக விடப்படுவதில்லை. இதைச் செயல்திறன் என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கடைசி வரிக்கு மட்டும் முதலில் விடை சொல்கிறேன், ஏனென்றால் அங்கே கணிதம் உங்கள் பக்கம் நிற்கிறது. வரவு ஒழுங்கற்றதாகவும் பணி நேரம் ஏறி இறங்குவதாகவும் இருக்கும் ஒற்றை மேசையை எடுத்துக்கொள்வோம்; சராசரிப் பணி 20 நிமிடம். அந்த மேசையை 80 விழுக்காடு நேரம் வேலையில் வைத்தால், ஒரு கோரிக்கை சராசரியாக 80 நிமிடம் காத்திருக்கும். 90 விழுக்காடாக்கினால் 180 நிமிடம். 95 ஆக்கினால் 380 நிமிடம். வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய சூத்திரமே இதைச் சொல்கிறது. மேசைகளைப் பொது வரிசையில் சேர்த்தால் எண்கள் தணியும், ஆனால் வளைவின் வடிவம் மாறாது. 90 விழுக்காட்டுக்கு மேல் இன்னும் ஐந்து விழுக்காட்டுச் சும்மா நேரத்தைப் பிழிந்தெடுக்கும் மென்பொருள், காத்திருப்பு நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டிருக்கிறது. தீர்வானுக்குக் கொடுக்கும் இலக்கில் ‘யாரையும் 85 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாதே’ என்ற கட்டுப்பாட்டை எழுதிவைப்பது இரக்கச் செயலல்ல.

கடினப் பணிகளின் பங்கீட்டையும் கட்டுப்பாடாகவே எழுதலாம்: ஒருவருக்குத் தொடர்ந்து இரண்டு கடினப் பணிகளுக்கு மேல் கூடாது, வாரத்தின் கடினச் சுமை ஆளுக்கு ஆள் இவ்வளவுக்கு மேல் வேறுபடக் கூடாது என்பன போல. கற்கும் மாதிரிக்குள் நியாயத்தைப் புகுத்துவது பெரும்பாடு. தீர்வானுக்குள் அது ஒரே ஒரு வரி.

குழுப்பொறுப்பு எழுதியது:

பதிவேடு அவர்களுக்கு: நீங்கள் ஐயுற்றது முழுக்க உண்மை. வகைக் குறி மூடும்போதுதான் இறுதியாகிறது. எங்கள் சோதனை மதிப்பெண் ஏன் அவ்வளவு அழகாக இருந்தது என்பது இப்போதுதான் புரிகிறது. நேரக் கணக்கும் நீங்கள் சொன்ன அதே கழித்தல்தான். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. நேரத்தைச் சரியாக அளந்தாலும், புதியவருக்கு எளியவையும் மூத்தவருக்குக் கடினமானவையும் போயிருக்கிற பழைய பதிவிலிருந்து, புதியவர் கடினமானதைச் செய்தால் எவ்வளவு நேரமாகும் என்று எப்படிக் கற்பது?

பதிவேடு எழுதியது:

கற்க முடியாது என்பதுதான் நேர்மையான விடை. நடக்காத ஒன்றைப் பற்றிப் பதிவில் எதுவும் இருக்காது. ஒவ்வொரு பணியையும் ஒருவர் மட்டுமே செய்கிறார். அதையே மற்றவர் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எந்த அட்டவணையிலும் கிடையாது. குழுத் தலைவர்கள் கோரிக்கையைப் படித்துப் பார்த்து, அதில் எங்கோ ஒரு வரியில் தகராற்றின் வாடையை உணர்ந்து மூத்தவரிடம் தள்ளியிருக்கிறார்கள். அந்த வாடை உங்கள் நெடுவரிசைகளில் இல்லை. ஆகவே மாதிரி, கோரிக்கையின் கடுமையை ஆளின் மந்தமாக வாசிக்கிறது.

நிரல் வழுக்களை யாரிடம் ஒப்படைப்பது என்று கற்பிக்கும் ஆய்வுகளிலும் இதே சிக்கல் உண்டு. 2006-இல் வந்த புகழ்பெற்ற ஒரு கட்டுரை, எக்ளிப்ஸ் என்ற மென்பொருள் திட்டத்தில் 57 விழுக்காடும் ஃபயர்பாக்ஸ் உலாவியில் 64 விழுக்காடும் துல்லியம் பெற்றதாகச் சொல்லியது. ஜிசிசி என்ற நிரல்மொழி மாற்றித் திட்டத்தில் அதே முறை அவ்வளவாக எடுபடவில்லை. ‘துல்லியம்’ என்பது அங்கே பெரும்பாலும் பழைய வழக்கத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதுதான். 2009-இல் வந்த வேறோர் ஆய்வு, எக்ளிப்ஸ், மொசில்லா திட்டங்களில் 37 முதல் 44 விழுக்காடு வரையிலான வழு அறிக்கைகள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாற்றப்பட்டன என்று கண்டது. பழைய வழக்கமே அவ்வளவு தடுமாறியிருக்கும்போது, அதை அப்படியே படியெடுக்கும் மாதிரியை மெச்சுவதற்கு என்ன இருக்கிறது?

செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது, ஆளுக்கு ஆள் தனித்தனிக் கணிப்பைக் கைவிடுங்கள், அல்லது மிகவும் அடக்கி வையுங்கள். பணியின் நேரத்தைப் பணியின் உள்ளடக்கத்திலிருந்து கணியுங்கள். ஆளின் பங்கை, அவரிடம் போதிய பதிவுகள் சேரும்வரை குழுச் சராசரியை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். ஆறு பணி செய்தவரின் சராசரிக்கும் அறுநூறு பணி செய்தவரின் சராசரிக்கும் ஒரே மரியாதை கூடாது. இரண்டாவது, தவறினால் பெரிய கேடு வராத பணிகளில் ஒரு சிறு பங்கை மட்டும், தகுதியுள்ளவர்களுக்குள் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒதுக்குங்கள். எந்த நிகழ்தகவோடு ஒதுக்கினீர்கள் என்பதையும் பதிவில் எழுதிவையுங்கள். ஒப்பிடத் தகுந்த தரவு அங்கிருந்துதான் பிறக்கும். 1933-இல் வில்லியம் தாம்சன் மருத்துவச் சிகிச்சைகளை ஒப்பிட முன்வைத்த யோசனையும் இந்த வழிதான்: எதைப் பற்றி இன்னும் உறுதி இல்லையோ அதற்கும் கொஞ்சம் வாய்ப்புக் கொடுத்துக்கொண்டே கற்பது. ஆனால் சீட்டுக் குலுக்குவதைக் குழுவுக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

புதுநிரல் எழுதியது:

சரி, முகவரை விட்டுவிடுகிறேன். நேரக் கணிப்புக்காவது நரம்பியல் வலைப்பின்னலைப் பயன்படுத்தலாமா?

பதிவேடு எழுதியது:

பயன்படுத்தலாம், ஆனால் கடைசியில். முதலில், அந்த வகைப் பணிகளின் இடைநிலை மதிப்பையே கணிப்பாகச் சொல்லும் ஒரு மாதிரியை ஐந்து வரியில் எழுதுங்கள். அடுத்துக் கிளைமரங்களைப் படிப்படியாகச் சேர்க்கும் மாதிரி, அதாவது எக்ஸ்ஜிபூஸ்ட் அல்லது லைட்ஜிபிஎம். அட்டவணைத் தரவில் இதை வெல்வது எளிதல்ல. கோரிக்கையின் எழுத்துப் பகுதியிலிருந்து கடுமையை உணர மட்டும் மொழி மாதிரி ஒன்றைச் சேர்க்கலாம். குழுத் தலைவர் உணர்ந்த அந்த வாடை அங்கேதான் இருக்கிறது.

மாதிரி எதுவானாலும் ஒற்றை எண்ணைக் கேட்காதீர்கள். பணி நேரங்கள் ஒருபக்கம் நீண்ட வால் உடையவை: பெரும்பாலானவை இருபது நிமிடத்தில் முடியும், சில மட்டும் மூன்று நாள் இழுக்கும். சராசரி இந்த இரண்டையும் விவரிக்காது. பாதிப் பணிகள் முடியும் நேரத்தையும், பத்தில் ஒன்பது முடியும் நேரத்தையும் தனித்தனியே கணியுங்கள். நாளின் மொத்தச் சுமையைக் கூட்ட மட்டும் சராசரியை வைத்துக்கொள்ளுங்கள். காலக்கெடுவைக் காக்க, பத்தில் ஒன்பது முடியும் நேரம்.

பயிற்சித் தரவிலிருந்து இன்னும் முடியாத பணிகளைத் தூக்கிவிடாதீர்கள். முடிந்தவற்றை மட்டும் எடுத்தால் இழுத்தடிப்பவை எல்லாம் வெளியே போய், உலகம் உண்மையைவிட வேகமாகத் தெரியும். மருத்துவப் புள்ளியியலார் 1958-இல் காப்லான், மையர் ஆகியோரின் காலத்திலிருந்தே கையாளும் சிக்கல் இது. ‘இந்தப் பணி குறைந்தது நான்கு நாளாவது எடுக்கும், முடிவு தெரியவில்லை’ என்பதும் ஒரு தகவல்தான். சோதிக்கும்போது தரவைக் கலைத்துப் போட்டுப் பிரிக்காமல், முந்தைய மாதங்களில் பயிற்றுவித்துப் பிந்தைய மாதத்தில் சோதியுங்கள்.

சட்டப்புள்ளி எழுதியது:

சுருக்கமாக ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், அதாவது 2024/1689 என்ற எண் கொண்ட ஒழுங்குமுறை, 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தனிநபரின் நடத்தை, இயல்பு, பண்புகள் ஆகியவற்றை வைத்துப் பணிகளை ஒதுக்கும் அமைப்புகளை அதன் மூன்றாம் இணைப்பு உயர் இடர் வகையில் சேர்த்திருக்கிறது. ஊழியரின் வேகத்தை வைத்து ஒதுக்குவது அந்த வகையில் விழக்கூடும். பணியின் உள்ளடக்கத்தையும் அறிவிக்கப்பட்ட தகுதியையும் மட்டும் வைத்து ஒதுக்குவது அதிலிருந்து வெகுவாக விலகி நிற்கிறது. பதிவேடு அவர்கள் தரவின் காரணத்தால் சொன்ன அதே அறிவுரைக்குச் சட்டத்தின் பக்கமிருந்தும் ஒரு காரணம் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன். உங்கள் குழு அந்த எல்லைக்குள் வருமா என்பதை உங்கள் சட்ட ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம்மேசை எழுதியது:

எல்லோரும் ‘யாருக்குத் தள்ளுவது’ என்றே பேசுகிறீர்கள். எங்களை எடுத்துக்கொள்ளவிட்டால் என்ன? எந்த வேலையில் எனக்குக் கை ஓடும், எதில் ஓடாது, இன்று தலைவலியா இல்லையா என்பது உங்கள் மாதிரியைவிட எனக்கு நன்றாகத் தெரியுமே.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பணிப்பாய்வில் ஆட்களுக்கு வேலை சேரும் வழிகளை 2005-இல் வகைப்படுத்திய ரஸ்ஸல் முதலானோர் 43 வடிவங்களைப் பட்டியலிட்டார்கள். தள்ளுவது, இழுத்துக்கொள்வது இரண்டும் அதில் தனித்தனிக் குடும்பங்கள். ஆகவே உங்கள் யோசனைக்கு வரலாறு இருக்கிறது. முழுமையாக எடுத்துக்கொள்ள விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது: பலாச்சுளையை எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள், சக்கை வரிசையின் அடியில் தங்கிவிடும்.

மூன்றாம்மேசை எழுதியது:

தள்ளும் முறையில் சக்கை எங்கே போகிறது என்று மேலேயே சொன்னேன் ஐயா. என் மேசைக்கு.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நியாயம். அப்படியானால் நடுவழி: தீர்வான் ஒவ்வொருவருக்கும் மூன்று பணிகளை முன்வைக்கட்டும், அவற்றில் ஒன்றாவது நெடுநாள் காத்திருப்பதாக இருக்கட்டும், எதை எடுப்பது என்பது ஊழியரின் விருப்பம். யாரும் எடுக்காமல் மூன்று முறை திரும்பியதைக் குழுத் தலைவர் பார்க்கட்டும். மொத்த நேரத்தில் இதனால் கொஞ்சம் இழப்பு ஏற்படும். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குழுப்பொறுப்பு எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். இங்கே சொன்னவற்றில் செய்தவற்றையும் செய்யாதவற்றையும் எழுதிவிடுகிறேன்.

திரையில் ‘தொடங்கு’, ‘நிறுத்திவை’ என்ற இரண்டு பொத்தான்களைச் சேர்த்தோம். முதல் இரண்டு வாரம் யாரும் தொடவில்லை. அந்த நேரங்களைத் தனிநபர் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்து, மாத இறுதி எண்ணிக்கைப் பட்டியலையும் எடுத்த பிறகுதான் அழுத்தத் தொடங்கினார்கள். மூன்றாம்மேசை அவர்கள் எழுதியதை அச்செடுத்து மேலிடத்துக் கூட்டத்தில் வைத்தேன். அதுதான் வேலை செய்தது.

ஆள்வாரிக் கணிப்பை முற்றிலும் எடுத்துவிட்டோம். பணியின் நேரத்தை மட்டும் இரண்டு எண்களாகக் கணிக்கிறோம். யார் எந்த வகைக்குத் தகுதியானவர் என்பது குழுத் தலைவர்களும் ஊழியர்களும் சேர்ந்து எழுதிய சாதாரண அட்டவணை. அதன்மேல் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தீர்வான் ஓடுகிறது. மூன்று பணிகளைக் காட்டித் தேர்ந்தெடுக்க விடுவதை ஒரு குழுவில் மட்டும் சோதிக்கிறோம். அங்கே முணுமுணுப்பு குறைந்திருக்கிறது, வேகம் கூடியதாகச் சொல்ல இன்னும் தரவு போதாது. சீட்டுக் குலுக்குவதற்கு மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் எதிர்பாராதது வேறொன்று. குழுத் தலைவர்கள் ஒதுக்கீட்டை மாற்றும்போது ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும் என்று வைத்தோம். ‘கடினமானது, அனுபவம் வேண்டும்’ என்றுதான் பெரும்பாலும் வரும் என்று நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால், திரும்பத் திரும்ப வந்த காரணம் ‘இவர்தான் போன முறை இந்த வாடிக்கையாளரிடம் பேசினார்’ என்பது. அதே மனிதரின் பழைய கோரிக்கையை யார் கையாண்டார் என்பதை எங்கள் மாதிரி ஒருபோதும் பார்த்ததே இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு கோரிக்கையும் எங்கள் அட்டவணையில் புதிய எண்ணோடு பிறக்கிறது.

பதிவேடு எழுதியது:

பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்க எதை வைத்திருக்கிறீர்கள்?

குழுப்பொறுப்பு எழுதியது:

இப்போதைக்குத் தொலைபேசி எண். ஒரே வீட்டில் மூவர் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தால் குழம்புகிறது. அடுத்த வாரம் அதைத்தான் சரிசெய்யப் போகிறோம்.